வீட்டில் சும்மா இருக்கிற ஆளுக்கு நாள் முழுக்க என்ன வேலை?

6 ஒக்டோபர் 2024, இரவு 9.15 (திருக்கோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அக்காமார் கோபிக்க வேண்டாம், உண்மையாகவே விளங்காமல்தான் கேட்கிறேன். மனைவி வேலையை விட்டு ஒரு வருடம். ஒரு பிள்ளை, இரண்டு வயது. வொசிங் மெஷின் இருக்கிறது, ரைஸ் குக்கர் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது, தண்ணீர் குழாயில் வருகிறது. நான் ஐந்தரைக்கு வந்தால் ஆள் களைத்துப்போய் இருக்கிறா, வாயைத் திறந்தால் சண்டை. வீட்டைப் பார்த்தால் காலையில் விட்டுப்போன மாதிரியேதான் கிடக்கிறது. நாள் முழுக்க வீட்டில் சும்மா இருக்கிற ஆளுக்கு அப்படி என்ன வேலை?

6 ஒக்டோபர், இரவு 10.50

தம்பி, “காலையில் விட்டுப்போன மாதிரியே” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தயவுசெய்து மனைவிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு பின்னேரம் ஐந்தரைக்கும் காலையில் இருந்த மாதிரியே இருக்கிறது என்றால் அது தானாக அப்படி இருக்கவில்லை. சந்தேகம் என்றால் ஒரு நாள் காலை எட்டிலிருந்து பத்து மணி வரை ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருந்து பாருங்கள்.

மிச்சம் நாளைக்கு. சின்னவன் இருமுகிறான்.

7 ஒக்டோபர், மத்தியானம் 2.10

அவன் நித்திரை, ஆகவே நேற்றுக் கோபத்தில் விட்டதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோட்டைக்குக் கிட்ட, கடற்கரைப் பக்கம். மகள் நாலாம் வகுப்பு. சின்னவனுக்கு இப்போதுதான் மூன்று முடிந்தது. நான் முந்தி ஒரு தனியார் கந்தோரில் கணக்குப் பிரிவில் இருந்தேன், மகளுக்கு ஏழு மாதமாக இருக்கும்போது விட்டேன். காலை 4.45க்கு எழும்பி மோட்டரைப் போட்டுவிட்டு, தேங்காய் திருவி, முதல் பால் வேறாக இரண்டாம் பால் வேறாகப் பிழிந்து வைத்து, இடியப்பத்துக்கு மா குழைத்து, ஒரு அடுப்பில் இடியப்பம் அவிய மற்றதில் சொதி கொதிக்க, அதற்குள் மத்தியானத்துக்கு அரிசி களைந்து, மகளை எழுப்பி, அவள் எழும்பாமல், திரும்பவும் எழுப்பி, இரட்டைப் பின்னல் பின்னி, ஒரு ரிபன் காணாமல் போய், அது சின்னவனின் லொறிக்குள் இருந்து அகப்பட்டு, 6.45க்கு வான்காரர் ஹோர்ன் அடிக்க ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மற்றக் கையில் சப்பாத்துமாக ஓட வேண்டும். பிறகு இவருடைய சாப்பாட்டுப் பெட்டி. இவர் போன பிறகு முற்றம் கூட்டுவது. கச்சான் காற்றுக் காலம் என்றால் கூட்டி முடித்து விளக்குமாற்றைச் சாத்துவதற்குள் திரும்பவும் மண்.

எட்டரைக்கு மீன்காரர். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கேளுங்கள். பாரைத் துண்டு வாங்கினால் விலை கூட, ஆனால் ஐந்து நிமிட வேலை. சூடை வாங்கினால் மலிவு, ஆனால் செதில் எடுத்து, குடல் எடுத்து, நாலு தண்ணீரில் கழுவ அரை மணித்தியாலம். நான் சூடை வாங்குகிற ஒவ்வொரு நாளும் என்னுடைய 25 நிமிடத்தைப் போட்டுக் குடும்பத்துக்குக் காசு மிச்சம் பிடிக்கிறேன். இவருடைய சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று சொல்கிற எவரும் அந்த 25 நிமிடத்தை வரவில் எழுதியதில்லை. கணக்குப் பிரிவில் இருந்தவள் சொல்கிறேன், அது வரவு.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் தோய்க்கும். அழுக்கைப் பிரிக்காது, பொக்கற்றுக்குள் இருக்கிற சொக்கலேற் பேப்பரை எடுக்காது, காயப்போடாது, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்க்காது, மடிக்காது. இதெல்லாம் முடிந்து நான் இருப்பது இரவு ஒன்பதுக்குத்தான்.

7 ஒக்டோபர், இரவு 9.30

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஒன்பது மணி வரை இருக்கவே இல்லை என்று எழுதினேன், அது பொய். இரண்டிலிருந்து மூன்று வரை சின்னவன் தூங்கும்போது கட்டிலில் சாய்ந்து போன் பார்ப்பேன். அந்தப் பெரிய பந்தியையே அப்படிச் சாய்ந்து கிடந்துதான் எழுதினேன். என் அக்கா வாசித்துவிட்டு உடனே கோல் எடுத்து, “நீ இருக்கிறதே இல்லையோடி? அப்ப இதை ஆர் எழுதினது?” என்று கேட்டா.

9 ஒக்டோபர்

“எங்கட அம்மாமார் மெஷின் இல்லாமல் ஐந்து பிள்ளை வளர்த்தவை, ஒருநாளும் வாய் திறந்ததில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். இதை நான் மாமியிடமே கேட்டேன். மாமி ஐந்து பெற்றவ. கிணற்றில் தண்ணீர் அள்ளி, விறகு வெட்டி, உரலில் மா இடித்து, அம்மியில் கூட்டு அரைத்து வாழ்ந்தவ, இடம்பெயர்ந்த காலத்தில் கொட்டிலில் மூன்று கல் வைத்துச் சமைத்தவ. “நாங்க செய்யாததையோ நீங்க செய்யிறீங்க” என்று தொடங்குவா என்றுதான் நினைத்தேன்.

அதைச் சொன்னாதான். ஆனால் சொல்லிவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னா. “உனக்குக் கைவேலை குறைவு பிள்ளை, கண்வேலை கூட. எங்கட வளவில அம்மா இருந்தா, ரெண்டு அக்காமார் இருந்தவை, பக்கத்து வளவுக்கு வேலியே இல்லை. நான் கிணத்தடியில நிண்டா என்ர பிள்ளையை ஆரோ பார்த்துக்கொண்டு நிண்டினம். ஆர் எண்டு நான் பார்த்ததே இல்லை.”

கண்வேலை. நான் இரண்டு நாளாகப் பந்தி பந்தியாக எழுதித் தேடின சொல் மாமியின் வாயில் வெற்றிலையோடு இருந்திருக்கிறது.

13 ஒக்டோபர்

விஜயதசமிக்குச் சின்னவனுக்கு ஏடு தொடக்கினோம். அரிசியில் ‘அ’ எழுத வைக்க ஐயர் பட்ட பாடு வேறு கதை. அதே சூட்டில் நானும் ஒரு 80 பக்கக் கொப்பி எடுத்திருக்கிறேன். ஒரு கிழமைக்கு நான் செய்வதெல்லாவற்றையும் நேரத்தோடு எழுதப் போகிறேன். தம்பிக்குப் பதிலை வாயால் சொல்லாமல் கணக்காகக் காட்டலாம் என்று.

16 ஒக்டோபர்

கொப்பி சரிவரவில்லை.

சமைத்தது, கூட்டியது, தோய்த்தது எல்லாம் லேசாக எழுதலாம். கூட்டிப் பார்த்தால் ஐந்தரை, ஆறு மணித்தியாலம் வருகிறது. தம்பி பார்த்தால், “பிறகென்ன அக்கா, என்னை விடக் குறைவுதானே” என்பார். ஆனால் நேற்றைய பக்கத்தில் 9.10 தொடக்கம் 9.50 வரை என்ன எழுதுவது? சின்னவன் முற்றத்துக் குழாயடியில் வாளிக்குள் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். நான் குசினி வாசலில் நின்றேன். கையில் வெங்காயம் இருந்தது, உரித்தேன், ஆனால் வெங்காயம் உரிக்க நாற்பது நிமிடம் தேவையில்லை. வாளித் தண்ணீருக்குப் பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை, உள்ளே போக முடியாது. கொப்பியில் “நின்றேன்” என்று எழுதினேன். வாசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இந்தச் சிக்கல் எனக்கு மட்டும் இல்லை என்று பிறகு வாசித்தேன். இலங்கையிலும் 2017இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடந்தது, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் செய்தது. உலகத்தில் எங்கே இப்படிக் கணக்கெடுத்தாலும் இதே இடத்தில்தான் தடுக்குமாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்தால் ஒன்றை முதல் வேலை என்று எழுத, பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பது இரண்டாவதாகப் போய், பல நேரம் எழுதப்படாமலே போய்விடும். பிள்ளை நித்திரை என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் பிள்ளை நித்திரை என்றால் நான் வெளியில் போகலாமா? கடைக்குப் போய் ஒரு இறாத்தல் பாண் வாங்க முடியுமா?

17 ஒக்டோபர்

இடையில் ஒரு துக்கச் செய்தி. படலைக் கொழுக்கி சரியாக விழவில்லை, மான் உள்ளே வந்துவிட்டது. திருக்கோணமலை ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர் ஆட்களுக்கு: எங்கள் ஊரில் மாடு மாதிரி மானும் வீதியில் திரியும், புள்ளிமான், கோட்டைக்குள்ளும் நிற்கும் கடற்கரையிலும் நிற்கும். வருகிற சுற்றுலாக்காரர் “ஆ, எவ்வளவு வடிவு” என்று படம் எடுப்பார்கள். நான் இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த ஏழு கத்தரிக் கன்றில் ஐந்து போய்விட்டது. சின்னவனைக் குளிப்பாட்டிய பதினைந்து நிமிடத்துக்குள். நான் எப்போது பார்க்க மாட்டேன் என்று அதுகளுக்கு நேரசூசி தெரியும்.

18 ஒக்டோபர்

கத்தரிக் கன்று பற்றி எழுதியதற்கு அனுதாபம் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆனால் நீங்கள் நினைப்பதை விட நட்டம் பெரிது.

நாட்டின் உற்பத்தியைக் கணக்கிட ஐ.நா. ஒரு முறை வைத்திருக்கிறது, இப்போது பெரும்பாலும் பாவிப்பது 2008 பதிப்பு. அதன்படி, வீட்டுப் பாவனைக்காக நீங்கள் கத்தரிக்காய் வளர்த்தால் அது உற்பத்தி எல்லைக்குள் வரும், விற்காவிட்டாலும் வரும். கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தாலும் வரும். அதே கத்தரிக்காயை வெட்டி, பொரித்து, பால்கறி வைத்துப் பிள்ளைக்கு ஊட்டினால் வராது. காசு கொடுத்து ஆள் வைத்துச் சமைப்பித்தால் வரும். ஆக, நான் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்திக்குள் வரக்கூடியதாகச் செய்த ஒரே காரியம் அந்த ஏழு கன்று. அதில் ஐந்தைத்தான் மான் தின்றது.

வேலை என்ற சொல்லிலும் இதே கூத்து. 2013இல் ஜெனீவாவில் தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு, சம்பளம் இல்லாமல் சொந்த வீட்டுக்குச் செய்வதும் வேலைதான் என்று ஒத்துக்கொண்டது. சந்தோஷப்படாதீர்கள். அது வேலை, ஆனால் தொழில் இல்லை; சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ செய்வதுதான் தொழிலாம். அதனால் தொழிற்படைக் கணக்கில் நான் இன்றும் வெளியேதான். இலங்கையில் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தொழிற்படையில் என்று செய்தியில் வாசிக்கும்போது, மிச்ச இரண்டு பங்கும் யன்னல் ஓரம் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு படம் வரும்.

24 ஒக்டோபர்

இன்றைய திகதிக்கு ஒரு கதை. 1975இல் இதே நாள் ஐஸ்லாந்துப் பெண்களில் 90 வீதம் பேர் வேலையை விட்டார்கள், கந்தோர் வேலையோடு சமையல், பிள்ளை பார்ப்பது எல்லாவற்றையும். வேலைநிறுத்தம் என்று சொல்லாமல் ‘பெண்களின் விடுமுறை நாள்’ என்று பெயர் வைத்தார்கள், கெட்டித்தனம். அப்பாமார் பிள்ளைகளைக் கந்தோருக்குக் கூட்டிப்போனார்கள். லேசாகச் சமைக்கலாம் என்று எல்லாரும் சொசேஜ் வாங்க, கடைகளில் சொசேஜ் முடிந்துவிட்டதாம்.

எங்கள் ஊரில் செய்தால் கொத்துரொட்டி முடியும். பின்னேரம் ஆறு மணிக்கே பஸ் நிலையப் பக்கம் வரிசை நிற்கும்.

27 ஒக்டோபர், ஞாயிறு

மேலே உள்ளதை இவர் வாசித்துவிட்டார். “நீ அக்கா வீட்டை போ. இண்டைக்கு நான்” என்றார். போனேன்.

காலை பத்தரைக்கு ஒரு படம் வந்தது. வீடு கூட்டித் துடைத்திருந்தது, பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது, பருப்புக்கறியும் முட்டைப் பொரியலும் மேசையில். கீழே: “முடிஞ்சுது. வேற என்ன?” எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், எரிச்சல்தான் வந்தது. அக்கா பக்கத்தில் இருந்து சிரித்தா.

பின்னேரம் வந்து பார்த்தேன். திங்கட்கிழமைக்கு என்று பிரீசரில் வைத்த தேங்காய்ப்பூ முடிந்திருந்தது. பால்மா பெட்டி அடி தெரிந்தது. தோய்த்து மடித்த துவாய் மூன்றும் ஈரம். மகளின் சீருடை தோய்க்கவில்லை, ஏனென்றால் அது ஞாயிற்றுக்கிழமையின் வேலை இல்லையாம், நாளைக்குத்தானே பள்ளிக்கூடம். இவர் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சனி வரை நான் சேர்த்து வைத்ததை எடுத்துச் செலவழித்துவிட்டு, “பார், எவ்வளவு லேசு” என்றால் எப்படி?

28 ஒக்டோபர்

நேற்று எழுதியது அரைவாசி அநியாயம். விட்டதையும் எழுத வேண்டும். இவர் சின்னவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு மணித்தியாலம் மண்ணில் விட்டிருக்கிறார். நான் அப்படி விட்டதே இல்லை, தலைக்கு மண் போகும், பிறகு குளிக்க வார்க்க வேண்டும் என்று. அவன் இரவு அதைத்தான் கதைத்துக்கொண்டு தூங்கினான்.

இன்னொன்று, இதை எழுத வெட்கம். இவர் மடித்து வைத்த உடுப்பு எல்லாவற்றையும் நான் இரவு எடுத்துத் திரும்ப மடித்தேன். ஒருவரும் கேட்கவில்லை. இவர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை மடிக்க மாட்டார், நான் அதை வைத்து இன்னொரு பந்தி எழுதுவேன்.

3 நவம்பர்

தீபாவளிப் பாத்திரம் எல்லாம் இன்றைக்குத்தான் ஒதுக்கி முடிந்தது. அப்பாவின் திவசமும் இந்தக் கிழமைதான். படையலுக்குப் பாவற்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது ஒன்று நினைவு வந்தது, அன்று தொடக்கம் மண்டைக்குள் சுற்றுகிறது.

அப்பா வாச்சர் வேலை செய்தவர். துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல், ஆறுக்கு ஆறு. ஒரு பிளாஸ்க்கில் பிளேன்ரீ, ஒரு ரோர்ச், ஒரு கதிரை. நான் பத்து வயதில் கேட்டிருக்கிறேன், “அப்பா, இரவு முழுக்க அங்க என்ன செய்வீங்க?” “இருப்பன்” என்பார். கள்ளன் வந்தானா? ஒருநாளும் வரவில்லை. நெருப்புப் பிடித்ததா? இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒன்றுமே நடக்கவில்லை. அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், சேமலாப நிதி கட்டினார்கள், வாச்சர் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே நீ ஒன்றும் செய்யவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததுதான் அவர் செய்த வேலை.

மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்தேன், பக்கம் பக்கமாக அப்பாவின் கோழிக்கிறுக்கல் எழுத்தில் ஒரே வரி. 7.00 எல்லாம் சரி. 8.00 எல்லாம் சரி. 9.00 எல்லாம் சரி.

என் கொப்பியில் “நின்றேன்” என்று எழுதி வெட்கப்பட்ட இடத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான். 9.10 வாளியடி, எல்லாம் சரி.

ஆனால் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம். காலை ஆறுக்கு மாற ஆள் வரும். சைக்கிளில் வந்து, மணி அடித்து, புத்தகத்தில் கையெழுத்து வைத்துப் பொறுப்பெடுப்பார், அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வருவார். அது சண்டைக்காலம். ஊரடங்கு போட்டால், சுற்றிவளைப்பு என்றால், மாற ஆள் வராது, அப்பா மத்தியானம் வரை அங்கேயே இருக்க வேண்டும். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் அம்மா அவரோடு கதைக்கவே மாட்டா, எங்களையும் கதைக்க விட மாட்டா. “மாற ஆள் வரேல்ல, விடு” என்பா. எல்லாருக்கும் விளங்கியது. அதற்கு ஓ.ரி., மேலதிக நேரச் சம்பளம், வேறு.

தம்பி, ஐந்தரைக்கு வாசலில் நீங்கள் பார்க்கிற முகம் அந்த முகம்தான். வேலை கூடிய முகம் இல்லை. மாற ஆள் வராத முகம்.

4 நவம்பர்

பக்கத்து வீட்டு ராத்தாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவவுடைய புருஷன் கட்டாரில் பதினொரு வருடம். வங்கி, கூரை ஓடு, மோட்டர் பழுது, மூன்று பிள்ளை, மாமனாரின் மருந்து, எல்லாம் அவதான். கேட்டுவிட்டுச் சொன்னா: “எனக்குச் சம்பளமெல்லாம் வாணாம் தங்கச்சி. வருசத்துக்கு ரெண்டு நாள் காய்ச்சல் வார லீவு மட்டும் தந்தாப் போதும்.”

9 நவம்பர்

சம்பளம் கொடுக்கலாமா என்று கதை போகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டெம்பர் 15இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாயைச் சிலர் உதாரணம் காட்டுகிறீர்கள். எனக்கு அதில் பிடித்தது தொகை இல்லை, பெயர். உதவித்தொகை என்று வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மாத வேலை அடங்குமா என்றால் அடங்காது, ஆனால் காசு நேரே அவவுடைய கணக்குக்குப் போகிறது, கேட்டு வாங்கத் தேவையில்லை. வேலையை விட்ட முதல் வருடம் நான் உள்ளாடை வாங்க இவரிடம் காசு கேட்ட நாள் எனக்கு இன்றும் நினைவு. இவர் உடனே தந்தார். கேட்டதுதான் சுட்டது.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2021 ஜனவரியில் ஒரு வீதி விபத்து நட்டஈட்டு வழக்கில், இல்லத்தரசிக்கு ஒரு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும் என்று உறுதியாகச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பாருங்கள், ஆள் செத்த பிறகுதான் சம்பளத்தை நிர்ணயிக்கிறார்கள்.

10 நவம்பர்

2022ஐ எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அந்த வருடம் மட்டும் என்னுடைய வேலை இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. காஸ் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை, பால்மா இல்லை. பின் வளவில் கல் வைத்து விறகில் சமைத்தேன், புகையில் கண் சிவந்தது, அது கண்ணுக்குத் தெரிகிற களைப்பு, ஆகவே ஒருவரும் என்ன வேலை என்று கேட்கவில்லை.

இவர் 12.5 கிலோ சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். ஒரு நாள் காலை நாலு மணியிலிருந்து பின்னேரம் வரை நின்று, வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தார். வந்த மனுஷனுக்கு நான் தண்ணீர் வார்த்து, சாப்பாடு போட்டு, விசிறியால் விசிறிவிட்டேன். பாவம், நாள் முழுக்க நின்றிருக்கிறார் என்று. ஒன்றும் கொண்டுவரவில்லை, நின்றது மட்டும்தான். அது வேலை என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது. ஆம்பிளை வரிசையில் காத்து நின்றால் உழைப்பு. நான் வான் வரும் வரை, பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கும் வரை, கொடியில் உடுப்புக் காயும் வரை காத்து நின்றால் சும்மா.

(விசிறியால் விசிறியது உண்மை. இவர் மறுக்கிறார், தலையணை உறையால் என்கிறார். கரண்ட் இல்லாத இருட்டில் ஆர் பார்த்தது.)

11 நவம்பர்

உலகக் கணக்குக் கேட்டவருக்கு: சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் வெளியிட்டது. சம்பளம் இல்லாத பராமரிப்பு வேலைக்கு ஒரு நாளில் உலகம் செலவழிப்பது 1640 கோடி மணித்தியாலம். அதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூட பெண்கள். அதற்குள் “நின்றேன்” எவ்வளவு அடக்கம் என்று தெரியாது.

27 நவம்பர்

மூன்று நாளாகக் கொட்டுகிறது, புயல் கரையோரமாகப் போகிறதாம். வீட்டுக்குள் நாலு கொடி கட்டியிருக்கிறேன், குனிந்துதான் நடக்க வேண்டும். உயர்தரப் பரீட்சையையும் ஒத்திவைத்துவிட்டார்கள், ராத்தாவின் மூத்தவன் படித்ததை மறந்துவிடுவேன் என்று அழுகிறான், அவ அவனுக்கும் ஆறுதல் சொல்லி ஒழுகுகிற இடத்துக்கு வாளியும் வைக்கிறா. பிறகு எழுதுகிறேன்.

8 டிசம்பர்

உவர்மலைத் தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். நவம்பர் 3ஆம் திகதிக் குறிப்பை வாசித்த பிறகு ஒரு காரியம் செய்தாராம். பின்னேரம் 5.45 தொடக்கம் 7.15 வரை பிள்ளை அவர் பொறுப்பு. உதவி இல்லை, பொறுப்பு. மனைவி எங்கே போனாலும் சரி, போன் கூட எடுக்கத் தேவையில்லை. மனைவி முதல் மூன்று நாளும் ஒரு இடமும் போகவில்லை, அறைக் கதவைச் சாத்திப் படுத்தாவாம். நாலாம் நாள் பத்திரகாளி கோயிலுக்குத் தனியே நடந்து போய் வந்தாவாம். “இப்ப கதைக்கிறாவா?” என்று கேட்டேன். “இன்னும் கொஞ்சம்தான் அக்கா” என்றார். ஒரு வருட ஓ.ரி. பாக்கி, மெல்லத்தான் தீரும்.

10 டிசம்பர்

ஊருக்கு உபதேசம் செய்துகொண்டு என் வீட்டில் கேட்காமல் இருப்பது சரியில்லை என்று, நானும் இவரிடம் ஆறிலிருந்து ஏழரை வரை கேட்டேன். தேங்காய் 200 ரூபாய்க்கு மேலே போன கவலையில் இருந்தவர், வேறு ஏதோ காசுச் செலவு கேட்கப்போகிறேன் என்று பயந்து, இதுதானா என்று சரி சொன்னார்.

நேற்று முதல் நாள். கொப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். மழை விட்டிருந்தது, கடல் கலங்கல். கச்சான் வாங்கிச் சுருளோடு வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு பிள்ளை அழும்போதும் திரும்பிப் பார்த்தேன். அது பழக்கம். பிறகு விட்டது.

இது இவருடைய பக்கம், எழுத்துக்கூட மாற்றவில்லை:

6.05 பொறுப்பேற்றேன்.
6.20 எல்லாம் சரி.
6.35 சின்னவன் சவர்க்காரத்தைக் கடித்தான். வாய் கழுவினேன். எல்லாம் சரி.
6.50 மகள் பின்னக் கணக்குக் கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை.
7.05 படலையடியில் சத்தம். மான். மிச்சம் இருந்த கத்தரி இரண்டில் ஒன்று போச்சு.
7.10 மானைத் துரத்தப் போன நேரம் சின்னவன் மா வாளிக்குள்.
7.30 மாற ஆள் இன்னும் வரவில்லை.
7.40 மாற ஆள் இன்னும் வரவில்லை.

நான் 7.50க்குத்தான் போனேன். வேணுமென்றுதான்.